எல்லை நிலத்தின் பட்டாளங்கள் – 9: ஆம்பூர்ப் பாறையும் பத்தாம் எண்ணும்

ஹைதர் அலியின் படை 1767 நவம்பரில் பாராமகாலிலிருந்து பாலாற்றுச் சமவெளிக்கு இறங்கியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அந்த மாதத்தின் முதல் வாரத்தில் அவன் வழியில் மூன்று கோட்டைகள் வரிசையாக நின்றன: திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இருப்பவை. மூன்றையும் காத்தவர்கள் கும்பினியின் சென்னைச் சிப்பாய்கள். ஒரே நிலத்திலிருந்து, ஒரே கூலிக்கு, ஒரே துப்பாக்கியோடு வந்தவர்கள். திருப்பத்தூரும் வாணியம்பாடியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் பணிந்தன. வாணியம்பாடித் தலைவன் கேப்டன் ராபின்சன், இந்தப் போரில் இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து வெளியேறினான். ஆம்பூரில் கேப்டன் கால்வர்ட்டின் கீழ் இருந்த பட்டாளமோ, ஹைதரின் முழுப் படையையும் ஏறத்தாழ நான்கு வாரம் மலையடியில் நிறுத்திவைத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் வேலூரிலிருந்து கர்னல் ஜோசப் ஸ்மித் வந்து சேரும்வரை கோட்டை விழவில்லை. அந்தப் பட்டாளம் முந்தைய ஆண்டுதான், 1766-இல், திரட்டப்பட்டது. பிற்காலத்தில் அது சென்னைக் காலாட்படையின் பத்தாம் ரெஜிமெண்ட் ஆயிற்று. ஆம்பூர்ப் பாறைக்கோட்டையின் உருவத்தைத் தன் கொடியில் தாங்கும் உரிமையும் பெற்றது.

இந்தக் கதையை வழக்கமாக வீரக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். நான் அதிலிருந்து வேறொரு கேள்விக்குப் போக விரும்புகிறேன். ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, தென்னிந்தியன் போருக்கு ஆகாதவன், போர்க்குணம் சில இனங்களின் இரத்தத்தில் மட்டுமே உண்டு என்று முடிவு கட்டிய ஆங்கிலேயப் படைத் தலைமை, இதே பத்தாம் ரெஜிமெண்டிலிருந்து தமிழரையும் தெலுங்கரையும் தென்னக முஸ்லிம்களையும் வெளியேற்றியது. எண்ணை வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றியது. அந்த முடிவு தவறு என்று சொல்வதற்கு ஆம்பூரை மட்டும் எடுத்துக்காட்டினால், அது இனப்பெருமைக்கு எதிராக இன்னொரு இனப்பெருமையை நிறுத்துவதாகிவிடும். ஆம்பூரை, அதைச் சுற்றி அந்த ஆண்டுகளில் நடந்த தோல்விகளோடு சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாகலூர், ஓசூர் என்று இந்த எல்லை நிலத்தில் 1767 முதல் 1791 வரை நடந்தவை அத்தனையும் ஒரே விஷயத்தைத்தான் காட்டுகின்றன. ஒரு பட்டாளம் நிற்பதையும் ஓடுவதையும் தீர்மானித்தவை அதன் காலடியில் இருந்த நிலம், கிடங்கில் இருந்த அரிசி, பின்னால் வந்த எருது, மேலே இருந்தவனின் புத்தி ஆகியவையே. இரத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் கிருஷ்ணகிரியைப் பார்ப்போம். இன்று சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஓசூருக்குப் பேருந்தில் போகிறவர் எவரும் அந்தப் பாறையைப் பார்க்காமல் போக முடியாது. ஊரின் தலைக்குமேல் மொட்டையாக எழும்பி நிற்கும் கருங்கல். மேலே போக ஒரே வழிதான், அதுவும் மேலிருப்பவன் கண்ணுக்குத் தப்பாத வழி. 1767 கோடையில் கும்பினிப் படை இதை இரவோடு இரவாக ஏணி வைத்து ஏறிப் பிடிக்கப் பார்த்தது. முன்னால் ஏறிய, பொறுக்கியெடுத்த கிரனேடியர்கள் மேலிருந்து உருண்டுவந்த கற்களில் அழிந்தார்கள். தாக்குதல் அதோடு முடிந்தது. மேலே நின்று கல்லை உருட்டியவர்கள் யார்? மைசூர் கில்லேதாரின், அதாவது கோட்டைத் தலைவனின், ஆட்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசும் இதே நிலத்துச் சேவகர்கள். கீழே செத்தவர்களுக்கும் மேலே வென்றவர்களுக்கும் இடையில் இன வேறுபாடு எதையும் கண்டுபிடிக்க முடியாது. உயர வேறுபாடு இருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மே மாதம் அதே கிருஷ்ணகிரி கும்பினியிடம் பணிந்தது. அப்போது யாரும் ஏணி ஏறவில்லை. கோட்டையைச் சுற்றி வளைத்து உணவு போகாமல் தடுத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு வீரர்களாக இருந்தவர்கள் ஓராண்டில் கோழைகளாகிவிடவில்லை. கிடங்கு காலியாகிவிட்டது.

கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே சற்றுத் தள்ளி, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் காவேரிப்பட்டணம் இதன் மறுபக்கம். 1767 ஆகஸ்டில் ஹைதர் கணவாய் வழியே இறங்கியபோது அவனுடைய குதிரைப்படை முதலில் பாய்ந்தது ஸ்மித்தின் சிப்பாய்கள்மேல் அல்ல, மேய்ந்துகொண்டிருந்த எருதுகள்மேல். மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாடு போனால் பீரங்கி நகராது, அரிசி வராது, ரவை வராது. ஸ்மித் அசைய முடியாமல் நின்ற அந்த இரண்டே நாளில் காவேரிப்பட்டணக் கோட்டை விழுந்தது. போர் வரலாறுகளில் செங்கமும் திருவண்ணாமலையும் பெரிய எழுத்தில் வரும். அந்த செப்டம்பரில் இரண்டு இடத்திலும் கும்பினிச் சிப்பாய்கள் ஹைதரை வென்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் செங்கத்தில் வென்ற படையே வயிற்றுக்கு இல்லாமல் திருவண்ணாமலைக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி சேர்த்துவைப்பதாகச் சொன்ன தானியம் அங்கேயும் போதவில்லை. களத்தில் வென்றவனைப் பசி துரத்தியது. இந்த ஒரு மாத நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே, போர்க்குணம் என்ற சொல்லுக்கு எங்கே இடம் என்று தேடவேண்டியிருக்கிறது.

இப்போது ஆம்பூருக்குத் திரும்பலாம். வாணியம்பாடி பாலாற்றங்கரைச் சமவெளிக் கோட்டை. கனமான பீரங்கிக்கு அதன் மதில் நெடுநாள் தாங்காது. ஆம்பூரிலோ கீழே பேட்டையும் கீழ்க்கோட்டையும், அதற்கு மேலே செங்குத்தான மலைக்கோட்டையும் இருந்தன. கீழ்க்கோட்டை உடைந்ததும் கால்வர்ட் தன் ஆட்களையும் பொருளையும் மேலே ஏற்றிக்கொண்டான். அதற்கு முன்பே அவன் இன்னொரு காரியம் செய்திருந்தான். நவாபின் சார்பில் கோட்டையில் இருந்த கில்லேதார் முக்லிஸ் கான் ஹைதரோடு இரகசியமாகப் பேசுவது தெரிந்ததும், அவனைப் பிடித்து அடைத்து, அவன் ஆட்களின் ஆயுதங்களைப் பறித்தான். உள்ளிருந்து கதவு திறக்கும் அபாயம் அதோடு போயிற்று. பிறகு ஹைதர் கையூட்டுக் காட்டிப் பார்த்தான். அதற்கும் கால்வர்ட் அசையவில்லை. எனவே ஆம்பூர் நின்றதற்கு மூன்று காரணங்களைக் கையால் தொட்டுக் காட்டலாம்: ஏறமுடியாத பாறை, மேலே கொண்டுபோகப்பட்ட உணவும் மருந்தும், விலைக்குப் போகாத தலைமை. திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் இருந்த சிப்பாய்களுக்கு இந்த மூன்றும் ஒருசேர வாய்க்கவில்லை.

தலைமை என்று சொன்னதுமே ஒரு மறுப்பு எழும். அப்படியானால் வெள்ளைக்காரத் தளபதியால்தான் சிப்பாய் நின்றான், தானாக நிற்கமாட்டான் என்றுதானே ஆகிறது? படைவாதிகள் பின்னாளில் இதையேதான் சொன்னார்கள். ஆனால் ராபின்சனும் வெள்ளைக்காரன்தான். காவேரிப்பட்டணத்தை ஒப்படைத்தவனும் அப்படியே. தளபதியின் தோல் நிறம் ஒரே மாதிரி இருந்தும் முடிவு வேறுவேறாக வந்தது என்றால், நிறத்தைக் காரணமாகக் காட்ட முடியாது. மேலும் ஆம்பூர் மலைமேல் ஐரோப்பியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. இரவும் பகலும் மதிலில் விழித்து நின்றது, உடைப்பை அடைத்தது, கீழ்க்கோட்டையிலிருந்து மூட்டைகளை மேலே சுமந்தது எல்லாம் சிப்பாய்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்துப் பட்டாளத்தைச் சிப்பாய்களே தம் கேப்டனின் பெயரால் அழைத்தார்கள். ஆவணங்களும் அப்படியே எழுதின. ஆகவே ஆவணத்தில் கேப்டன் மட்டும் நிற்பது எழுத்து முறையின் விளைவு. அதை வைத்துக் களத்தில் யார் நின்றார்கள் என்று தீர்மானிப்பது பிழை.

இன்னொரு மறுப்பும் உண்டு. அது எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஹைதர் அலி கும்பினியை எதிர்த்தவன். அவனுக்கு எதிராகக் கூலிக்குச் சண்டையிட்ட சிப்பாய்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? நியாயமான கேள்வி. நான் அவர்களைக் கொண்டாடச் சொல்லவில்லை. 1767-இல் பாராமகால் உழவன் மகனுக்கு முன்னால் தேசம் என்று ஒன்று விரிந்திருக்கவில்லை. நவாபின் பாக்கிச் சம்பளம், மைசூர் கில்லேதாரின் சேவகம், கும்பினியின் மாதச் சம்பளம் இவைதான் இருந்தன. ஒரே குடும்பத்து ஆட்கள் எதிரெதிர்ப் படையில் இருந்திருக்கக்கூடிய நிலம் இது. அவர்களின் வரலாற்றை எழுதுவது அவர்கள் யாருக்காகச் சண்டையிட்டார்களோ அவர்களின் நோக்கத்தை ஏற்பதாகாது. எழுதாமல் விட்டால்தான், அந்த மனிதர்களைப் பற்றி எஜமானன் பின்னாளில் சொன்ன தீர்ப்பு மட்டும் மிஞ்சும்.

பாகலூரை இங்கே தவிர்க்க முடியாது. இன்று ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில், தொழிற்பேட்டைகள் முடிந்து காய்கறித் தோட்டங்களும் மலர்க் குடில்களும் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். 1768 ஜூலையில் கும்பினிப் படை ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் பிடித்திருந்தது. நவம்பரில் ஹைதர் ஓசூரை முற்றுகையிட்டான். மீட்கப் போன கர்னல் வுட், இரவில் ஹைதரின் முகாமைத் தாக்கும் எண்ணத்தில், கனமான பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் விட்டுவிட்டு விரைந்தான். ஹைதர் அவனை ஓசூருக்குள் போகவிட்டு, தான் சுற்றி வந்து பாகலூர்ப் பேட்டையின்மேல் விழுந்தான். பேட்டையிலிருந்த சிப்பாய்களும் படையோடு வந்த பெண்களும் குழந்தைகளும் வண்டிக்காரர்களும் கோட்டை வாசலை நோக்கி ஓடினார்கள். எதிரி கூடவே நுழைந்துவிடுவான் என்று கதவு அடைக்கப்பட்டது. அடைத்த கதவின் முன் நெரிசலில் பெருந்திரள் மக்கள் மாண்டார்கள். இரண்டு 18 பவுண்டு பீரங்கிகளும் எருதுகளும் மருந்தும் பெங்களூருக்குப் போயின. அக்காலப் பட்டாளம் என்றால் அது அணிவகுத்த ஆண்கள் மட்டுமல்ல. சமைப்பவள், பிள்ளை, மாடு எல்லாம் சேர்ந்து நகர்ந்த ஊர் என்பதை இந்தச் சாவு காட்டுகிறது. பாகலூரில் ஓடியவர்களும் ஆம்பூரில் நின்றவர்களும் ஒரே படையின் ஆட்கள். பாகலூரில் அவர்களை வீழ்த்தியது வுட்டின் கணக்குப் பிழை. சென்னை அரசே அதை ஒப்புக்கொண்டு அவனைத் தலைமையிலிருந்து நீக்கியது. சிப்பாயின் இரத்தத்தைக் குறை சொல்ல அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சிந்தனை பிறக்க இன்னும் நூறாண்டு இருந்தது.

எல்லாவற்றையும் நிலத்தின்மேலும் அரிசியின்மேலும் போட்டுவிட்டு மனிதனின் துணிவை இல்லையென்று சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ராயக்கோட்டையைக் காட்டுவேன். பின்னால் வந்த இன்னொரு மைசூர்ப் போரில், 1791 மே மாதம் காவிரிக்கரையில், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன கும்பினியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், மாடும் தானியமும் இல்லாமல் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தில்தான் ஓசூரின் அருமை அவருக்குப் புரிந்தது. கர்நாடகச் சமவெளியின் அரிசியும் எருதும் மேட்டுக்கு ஏறிவரும் வழிகளை ஓசூரும் ராயக்கோட்டையும் காத்துநின்றன. ஜூலையில் மேஜர் கௌடி முன்னே போக, ஓசூரை மைசூர் ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ராயக்கோட்டையின் கீழ்மதில்களைக் கௌடி தாக்கிப் பிடித்தார். மேலே இருந்த கோட்டை கிருஷ்ணகிரிக்குச் சளைத்ததல்ல. அப்படியிருந்தும் கார்ன்வாலிஸின் பெரும்படை கண்ணுக்குத் தெரிந்ததும் கில்லேதார் இறங்கிவந்து ஒப்படைத்தார். ஆக, பாறை மட்டும் கோட்டையைக் காக்காது. மேலிருப்பவனுக்கு நிற்கும் மனமும் வேண்டும். ஆனால் அந்த மனம் சாதியோடும் மொழியோடும் பிறந்து வருவதில்லை. அதே ஆண்டு நவம்பர் 7 இரவில் கிருஷ்ணகிரியின் கில்லேதாருக்கு அது இருந்தது.

அந்த இரவை இந்த வாதத்தின் முக்கியச் சான்றாகக் கருதுகிறேன். லெப்டினன்ட் கர்னல் மாக்ஸ்வெல் சில நாள் முன்புதான் பென்னாகரத்தைத் தாக்கிப் பிடித்திருந்தார். அவர் படையில் 74-ஆம் ஹைலண்டர்கள் என்ற ஸ்காட்லாந்து ரெஜிமெண்டின் வீரர்கள் இருந்தார்கள். பின்னாளில் போர் இனங்களைப் பட்டியலிட்டவர்கள் தலைமேல் வைத்துப் போற்றிய மலைநாட்டு மக்கள் இவர்கள். கிருஷ்ணகிரிப் பேட்டை விழுந்தது, கீழ்க்கோட்டையும் விழுந்தது. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு மேல்வாசல்வரை போனார்கள். நூலிழையில் கதவு சாத்தப்பட்டது. பிறகு கற்கள் உருண்டன. ஏணிகள் நொறுங்கின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, பேட்டைக்குத் தீ வைத்துவிட்டு மாக்ஸ்வெல் விலகினார். 1767-இல் சென்னைப் படையின் கிரனேடியர்களை விழுங்கிய அதே பாறை, 1791-இல் ஹைலண்டர்களையும் அதே விதமாகத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகாலைக் கும்பினிக்குக் கொடுத்தபோதுதான் கிருஷ்ணகிரி அவர்கள் கைக்கு வந்தது. ஓசூரும் அதைச் சூழ்ந்த பாலாகாட் பகுதியும் 1799 வரை மைசூரிடமே இருந்தன. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நடுவே ஏழாண்டு ஒரு நாட்டெல்லை ஓடியது என்பதை நம் வரைபடங்கள் மறந்துவிட்டன.

74-ஆம் ஹைலண்டர்களும் ஆம்பூர்ப் பட்டாளமும் ஒரே களத்தில் நின்ற நாளும் வந்தது. 1803 செப்டம்பர் 23, அஸ்ஸாயே. ஆர்தர் வெல்லெஸ்லியின் சிறு படை சிந்தியாவின் பெரும்படையை நேருக்கு நேர் தாக்கிய நாள். 1796 சீரமைப்புக்குப் பின் ஆம்பூர்ப் பட்டாளம் பத்தாம் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் என்ற பெயரில் அன்றைய அணியில் நின்றது. வலப்பக்கம் தவறாக ஊரை நெருங்கிவிட்ட 74-ஆம் ரெஜிமெண்ட் ஏறத்தாழ அழிந்தது. நடு அணியில் பீரங்கி வரிசையை நோக்கி நடந்துபோனவை சென்னைப் பட்டாளங்கள். போர் முடிந்ததும் ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுக்கும் சென்னைப் பட்டாளங்களுக்கும் ஒரே சின்னம் கிடைத்தது, அஸ்ஸாயே யானை. இன்றும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் அந்த யானை நிற்கிறது. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், களத்தில் இருந்தவர்களின் கணக்கில், இருவருக்கும் தரவேறுபாடு இல்லை.

தரவேறுபாட்டைக் கண்டுபிடித்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1857-இல் சென்னைப் படையில் 52 காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ், நீண்ட கால அமைதியும் சுகமும் தென்னிந்தியச் சிப்பாயின் பழைய போர்க்குணத்தை அழித்துவிட்டன என்று கருதினார்; 1897-இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். தெற்கே பெரிய போர் நடந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. வயதான சிப்பாய்கள், பழைய ஆயுதம், தேங்கிய பதவி உயர்வு எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் அவர் சொன்ன காரணத்தையே பிடித்துக்கொண்டு பாருங்கள். அமைதியால் கெட்டது என்றால், பயிற்சியால் திருந்தும். சூழ்நிலையால் வந்த குறையைச் சூழ்நிலையை மாற்றித்தான் தீர்க்க வேண்டும், ஆளை மாற்றியல்ல. ராபர்ட்ஸின் காலத்துப் படைத் தலைமை சூழ்நிலையைக் காரணமாகச் சொல்லிவிட்டு, தீர்வை மட்டும் இரத்தத்தில் தேடியது. நோயை ஒரு நூலில் படித்து மருந்தை வேறொரு நூலிலிருந்து எடுத்ததுபோல இருக்கிறது இது. ஓசூரில் 1970-களிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டைகளின் வாசலில், இந்த மாநிலத்துக்காரன் உழைப்பான், அந்த ஊர்க்காரன் உழைக்கமாட்டான் என்று சொல்லும் குரல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழைய படைக் கோப்புகள்தான் நினைவுக்கு வருகின்றன.

மேல்பர்மா 1886-இல் இணைக்கப்பட்டபின் அங்கே காவலுக்கு நிரந்தரப் பட்டாளங்கள் தேவைப்பட்டன. சென்னைப் படையின் 10, 12, 29, 30, 31, 32, 33 ஆகிய எண்களைக் கொண்ட ரெஜிமெண்டுகள் பர்மாப் பட்டாளங்களாக மாற்றப்பட்டன. எண்களும் பெயர்ப்பலகைகளும் தொடர்ந்தன. உள்ளே இருந்த தென்னிந்தியர்களுக்குப் பதில் வடக்கத்தி ஆட்கள் வந்தார்கள். பத்தாம் எண்ணுக்குள் வந்தவர்கள் பர்மா இராணுவக் காவலில் இருந்த கூர்க்காக்கள். 1892-இல் அது முதல் பர்மா ரைபிள்ஸ், 1895-இல் முதல் பர்மா கூர்க்கா ரைபிள்ஸ், 1901-இல் 10-ஆம் கூர்க்கா ரைபிள்ஸ். பத்தாண்டுக்குள் ‘சென்னை’ என்ற சொல்லும் உதிர்ந்துபோயிற்று. ரெஜிமெண்ட் என்பது ஆட்களின் தொகுப்பல்ல, மரபின் தொடர்ச்சி. எல்லாப் படைகளிலும் எண்கள் கைமாறுவது வழக்கம்தான் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். வழக்கம்தான். ஆனால் மரபு எண்ணில் தங்கும், போர்க்குணம் இரத்தத்தில் தங்கும் என்று ஒரே வாயால் இரண்டையும் சொல்ல முடியாது. போர்க்குணம் இரத்தத்தில் தங்கும் என்றால், ஆம்பூரைக் காத்த இரத்தத்தை அனுப்பிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டதில் பொருளில்லை. எண் புதியவர்களுக்கு ஊக்கம் தரும் என்றால், குணம் பழக்கத்தாலும் நினைவாலும் வருவது என்று ஒப்புக்கொண்டதாகிறது. அப்போது பழைய ஆட்களை அனுப்பியதற்குக் காரணம் இல்லை. கூர்க்காக்களின்மேல் இதில் ஒரு குறையும் இல்லை. அவர்களும் நேபாள மலைகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கலிபோலியிலும் பர்மாவிலும் அந்த எண்ணின் கீழ் இறந்தவர்கள்.

எஞ்சியிருந்த சென்னைப் பட்டாளங்கள் 1922-இல் 3-ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்டாகச் சுருக்கப்பட்டு, 1928-க்குள் அவையும் கலைக்கப்பட்டன. சுரங்கமும் பாலமும் கட்டும் சாப்பர்கள் மட்டும் பெங்களூரில் நிலைத்தார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது, ஆட்கள் போதவில்லை. 1941-இலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி திரட்டப்பட்டது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் உள்ளிட்ட சென்னை மாகாணம் முழுவதும், போருக்கு ஆகாதவர்கள் என்று கழித்துவிடப்பட்ட அதே மக்களிடம் ஆள் சேர்ப்பவர்கள் வந்தார்கள். பதின்மூன்று ஆண்டில் ஒரு மக்களின் இரத்தம் மாறிவிட்டதாக எந்த அறிக்கையும் வெளியாகவில்லை. புதிய மெட்ராஸ் பட்டாளங்கள் பர்மாப் போர்முனைக்குப் போனபோது, ஆம்பூர்ப் பட்டாளத்தின் எண்ணைச் சுமந்த 10-ஆம் கூர்க்கா ரைபிள்ஸும் அதே போர்முனையில்தான் ஜப்பானியரோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. 1948-இல் அந்த ரெஜிமெண்ட் பிரிட்டிஷ் படைக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1994-இல் மற்ற கூர்க்கா ரெஜிமெண்டுகளோடு ஒன்றாக்கப்பட்டபோது பத்து என்ற எண்ணும் இல்லாமல்போயிற்று.